முப்பத்தொரு முற்றங்கள்

போன வருஷம் ஜூலையில் ஒரு காலை, நான் முற்றத்தின் கல்தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் வந்து, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். தள்ளி நின்றேன். வாளியையும் கையோடு எடுத்துக்கொண்டேன். "ஐயோ, அது இருக்கட்டுங்க, அது ரொம்ப அழகா இருக்கு" என்றாள். ஆக, என் வாளி அழகு, என் துடைப்பம் அழகு, கொடியில் காயும் என் தலையணை உறைகள் அழகு. நான் மட்டும் படத்தைக் கெடுக்கிறேன். அறுபத்தொரு வயதில் ஒரு மனுஷி தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். அவள் என் வாளியை எட்டுக் கோணத்தில் படம் பிடித்து முடிக்கும்வரை சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

எங்கள் முற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். இருநூறு வருஷமாக இங்கே ஆட்கள் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் கண்டுபிடித்தது என்னவோ கைப்பேசியோடு வழிதவறி உள்ளே வந்த யாரோ ஒருவர். 'வியன்னா ஒளித்துவைத்திருக்கும் மூலைகள்' என்று எதிலோ போட்டிருக்கிறார். அதற்கப்புறம் நாளைக்கு நாற்பது பேர். நடுவில் நிற்கும் வால்நட் மரத்தையும், மூன்று மாடிக்கும் ஓடும் மர நடையையும், கடைசியாகத் தண்ணீர் வந்து அறுபது வருஷமான கைப்பம்பையும் பார்த்து, "ஆகா" என்பார்கள். அந்த மர நடையில் ஜனவரி மாதம் நடந்து கழிவறைக்குப் போயிருந்தால் வேறு எழுத்தில் தொடங்கும் வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்.

நான் இந்த வீட்டின் காவல்காரி. எட்டாம் வட்டாரத்தில், டிராம் ஓடும் தெருவுக்கும் அதற்குப் பின்தெருவுக்கும் நடுவே எங்கள் வீடு நீளவாக்கில் கிடக்கிறது. இரண்டு பக்கமும் பெரிய மரக் கதவு. டிராம் தெருவில் நுழைந்தால் முற்றத்தைக் கடந்து பின்தெருவில் வெளியே போகலாம். சுற்றிப் போனால் பதினொரு நிமிஷம். உள்ளே புகுந்து போனால் ஒன்றரை. வாசலில் ஒரு இரும்புப் பலகை உண்டு: 'உரிமையாளரின் நல்லெண்ணத்தால் இவ்வழி அனுமதிக்கப்படுகிறது. எந்நேரமும் மறுக்கப்படலாம்.' இந்த ஊரில் இப்படிப்பட்ட வீடுகளும் பலகைகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பலகையைப் படித்துத்தான் நாங்கள் எழுத்துக்கூட்டவே கற்றுக்கொண்டோம்.

அப்போதைய சொந்தக்காரி லியோபோல்டினெ அம்மாள், என்னை வேலைக்கு எடுத்த அன்றே விரலை ஆட்டிச் சொன்னாள்: "இங்க பாரு ஹெர்மினெ, முப்பது வருஷம் ஒருத்தன ஒரு நாள்கூடத் தடுக்காம நடக்கவிட்டா, வழி அவனுக்குச் சொந்தமாயிடும். சட்டம் அப்படி. அதனால வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரெண்டு கதவையும் இழுத்துப் பூட்டிடணும். நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும்." அந்த நாள் நவம்பர் மூன்று. ஒன்றாம் தேதியும் இரண்டாம் தேதியும் ஊரே கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து களைத்துக் கிடக்கும். மூன்றாம் தேதி அதிகம் பேர் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது கிழவியின் கணக்கு. அவள் செத்து, அவள் மகன் செத்து, வீடு கைமாறும்வரை நான் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வருஷம் பூட்டியபோது மழையும் பனியும் கலந்து கொட்டியது. வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், லியோபோல்டினெ அம்மாளின் மூன்று தலைமுறையைத் திட்டினார்கள், சுற்றிக்கொண்டு போனார்கள். எட்டு மணி பத்து நிமிஷத்துக்குப் பின்தெருப் பக்கம் எகோன் நவ்ராட்டில் வந்து நின்றார். எதிர்வீடு அவருடையது. அப்பா விட்டுப்போன சின்ன வீடு, கீழே பல் செட்டு செய்கிற பட்டறை. தினமும் காலையில் ஒரு தகரப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் முற்றம் வழியாக டிராம் தெருவிலுள்ள பல் மருத்துவர்களிடம் போவார். பாதி வட்டாரத்தின் சிரிப்பு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். அன்றைக்கு அவர் பலகையைப் படித்தார். திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிப் பெட்டியின் மேல் கவிழ்த்தார், அதற்குள் ஈரம் போகாமல் இருக்க. வெறுந்தலையில் மழை கொட்டக் கொட்ட, கதவு இல்லாத ஊருக்குப் போகிறவர் போலத் திரும்பி நடக்கத் தொடங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து பிடித்தேன்.

அவர் உள்ளே வந்தார். முற்றத்தைக் கடந்து, டிராம் தெருப் பக்கம் போய், நின்று, திரும்பி, "பன்னெண்டு மணிக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். இதுக்குப் பதிலா உங்களுக்கு ஒரு முற்றம் காட்டறேன்" என்றார்.

அவர் எப்போதுமே அப்படித்தான். கேள்வி கேட்கத் தெரியாத மனுஷன். ஒரு வாக்கியத்தை எதிரில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். எடுத்துக்கொள்வதும் விடுவதும் நம் பாடு.

நான் வீட்டுக்குள் போய் என் புருஷன் லுட்விக்கிடம் சொன்னேன். அவர் டிராம் ஓட்டிவிட்டு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எந்தப் பல் செட்டுக்காரர்? அவரா? போய்ட்டு வா. கடிச்சிடப் போறார், பத்திரம்" என்று சிரித்தார். ஆகவே ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கதவு இரண்டும் பூட்டியிருக்கிறது, எனக்கும் அன்று வேலை இல்லை. போனேன்.

முதல் முற்றம் மூன்று தெரு தள்ளி, ஒரு புகையிலைக் கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே நான்கு குதிரைகள், முதுகில் கம்பளி போர்த்தி நின்றுகொண்டிருந்தன. ஊர்சுற்றிக் காட்டும் வண்டிக் குதிரைகள் இங்கேதான் மத்தியானம் இளைப்பாறுகின்றன என்று எனக்குத் தெரியாது. நான் இந்த வட்டாரத்தில் பிறந்தவள். குதிரைகளின் மூச்சு ஆவியாகி மேலே மேலே ஏறியது. நாங்கள் ஒரு காகிதப் பொட்டலம் சுட்ட செஸ்நட் கொட்டை வாங்கி, உரித்து, நின்றபடியே தின்றோம். அவர் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை எட்டுப் பத்துக்கு அவர் வழக்கம்போல, "வணக்கம் வெசெலி அம்மா" என்று என் புருஷன் வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு கடந்து போனார். அடுத்த நவம்பர் மூன்றுவரை அந்த 'வணக்கம்'தான், காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று.

அடுத்த வருஷம் அவர் கதவருகே வருவதற்கு முன்னாலேயே நான் சின்னக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அதற்கடுத்த வருஷமும். இப்படியே முப்பத்தொரு நவம்பர், முப்பத்தொரு முற்றம். ஒன்றில், ஒரே ஒரு மல்பெரி மரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நான்காம் மாடிவரை போயிருந்தது. ஒன்றில், சோபா தைக்கிறவரின் கழிவறை ஜன்னலில் மட்டும் தேவாலயக் கோபுரத்தின் நுனி தெரியும். அதைப் பார்க்க நாங்கள் ஒருவர் பின் ஒருவராக, முறை போட்டுக்கொண்டு, அந்தக் கழிவறைக்குள் போய் வந்தோம். வருஷமெல்லாம் அவர் அந்த ஒரு மணி நேரத்துக்காகத் தேடி வைப்பார் என்று நினைக்கிறேன். மருத்துவர்களிடம் போகும்போது திறந்த கதவுகளை எட்டிப் பார்த்து, எங்கே என்ன இருக்கிறது என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார் போலிருக்கிறது.

அவர் மனைவி எல்ஃப்ரீடெவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்த வருஷம், அவர் காட்டியது இந்த ஊரிலேயே மிக அவலட்சணமான முற்றம். நான்கு பக்கமும் சாம்பல் சுவர், குப்பைத் தொட்டிகள், மேலே நோட்டுக் காகிதம் அளவுக்கு வானம். "இது ஏன்?" என்று கேட்டேன். "இதுவும் இருக்குல்ல" என்றார். அன்றைக்கு நாங்கள் செஸ்நட் வாங்கவில்லை.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால் சொல்ல முடியும். ஒன்பதாவது முற்றம். உள்ளே போகும் வழியில் ஒரு ஈரக் கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு, நான் கடந்து போகும்வரை நின்றார். அவ்வளவுதான். என் மேல் விரல்கூடப் படவில்லை. அன்று முழுக்கப் பாத்திரம் கழுவும்போதும், லுட்விக்கின் சட்டைக்கு இஸ்திரி போடும்போதும் அந்தக் கிளை என் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தது. நான் அவரை விரும்பினேன். இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. லுட்விக்குக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, அவர் எனக்கும் வைக்கவில்லை. வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் நான் அவருடைய மனைவி. மிச்சமிருந்த ஒரு நாளிலும், ஒரு மணி நேரம் போக, அவருடைய மனைவிதான்.

லுட்விக் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எல்ஃப்ரீடெ போய் மூன்று. அந்தக் கடைசி மூன்று நவம்பரிலும் நான் புது ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போனேன். இந்த முறை ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் முற்றத்தைக் காட்டினார், செஸ்நட் உரித்து என் உள்ளங்கையில் வைத்தார், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார். ஒரு மணிக்குத் திரும்பி வந்தோம். நானாவது வாய் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டு பல ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன்.

போன வருஷம் அந்த முப்பத்தொன்றாவது முற்றம் முடிந்து பத்து நாளில் அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டை வாங்கிய நிறுவனம், காலியான வீடுகளை எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறதாம். எண் தட்டினால் திறக்கும் பூட்டு வருமாம். தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் முற்றம். பொதுவழி புத்தாண்டு முதல் நிரந்தரமாக மூடப்படும். நிறுவனத்தின் சார்பில் வெள்ளை ஷூ போட்ட ரைனர் என்ற பையன் வந்து என்னிடம், "உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லம்மா, உங்க வாடகை ஒப்பந்தம் பழசு, உங்கள யாரும் அசைக்க முடியாது" என்று சமாதானம் சொன்னான். என்னை அசைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எட்டுப் பத்துக்கு முற்றத்தில் யாரும் நடக்காத ஒரு வீட்டில் அசையாமல் இருந்து என்ன செய்வது?

நவ்ராட்டிலுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. தினமும் இரண்டு முறை சுற்றிப் போக அவரால் ஆகாது. வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல் கெஸ்ட்லர் என்ற இளம்பெண், சுறுசுறுப்பானவள், பேசும்போது பேனாவைத் திருகிக்கொண்டே இருப்பாள். என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டு, எங்கள் இருவரையும் அவள் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"முப்பது வருஷமா சார் நடந்திருக்கார். அது பிரச்சினை இல்ல. ஆனா அவங்க கையில ஒரு நோட்டு இருக்கு. வருஷா வருஷம் நவம்பர் மூணு, 'பூட்டப்பட்டது', கீழ உங்க கையெழுத்து. அன்னிக்கு நடக்கலன்னா கதை முடிஞ்சுது" என்றாள்.

"அன்னிக்கும் நடந்தேன்" என்றார் நவ்ராட்டில்.

"எப்படி?"

நான் சொன்னேன், "சின்னக் கதவத் திறந்து வெப்பேன்."

வக்கீலம்மா பேனாவை நிறுத்தினாள். "இப்ப ரெண்டு பேரும் கவனமாக் கேளுங்க. ஒருத்தருக்காக, பழக்கத்துக்காக, பாசத்துக்காகத் திறந்துவிட்டா அது சலுகை. சலுகைய எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம், அது உரிமை ஆகாது. ஆனா அந்தச் சின்னக் கதவு சும்மா தாழ் போடாம இருந்து, இவர் தினம்போல அவர்பாட்டுக்கு யாரையும் கேக்காம, யாரும் குடுக்காம நடந்திருந்தா, வழி இவர் வீட்டுக்குச் சொந்தம். உங்களுக்குள்ள 'வணக்கம்' தவிர ஏதாவது உண்டா?"

ஜன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று மணியடித்துப் போனது. ஏதாவது உண்டா என்று என் முப்பத்தோரு வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றேன்.

"இல்ல" என்றார் அவரும்.

"நல்லது" என்றாள் வக்கீலம்மா. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

மார்ச் மாதம் விசாரணை. நீதிபதி ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள். இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே போனது. கதவு தாழ் போடாமல் இருந்தது, சரி. இவர் கேட்கவில்லை, சரி. அப்போது நிறுவனத்தின் வக்கீல் எழுந்து ஒரு பெரிய வண்ணப் படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

யாரோ ஒரு கண்டுபிடிப்பாளர் எடுத்தது. 'வியன்னா ஒளித்துவைத்திருக்கும் மூலைகள்' வரிசையில் வந்ததுதான். போன நவம்பர் மூன்றாம் தேதி, முப்பத்தொன்றாவது முற்றம். கன்னிமாடத்துக்குப் பின்னால், காய்ந்த ரோஜாச் செடிகளும் உடைந்த சூரியக் கடிகாரமும் இருக்கும் இடம். பெஞ்சில் இரண்டு பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் தலை என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. என் கை அவர் பக்கம் நீட்டியிருக்கிறது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

எங்கள் இருவரையும் சேர்த்து எடுத்த படம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை நான் நீதிமன்றத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவர் தலை அப்படிச் சாய்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதுகுப் பக்கமிருந்து ஒரு அந்நியன் பார்த்தால்கூடத் தெரிகிற அளவுக்கு.

"இது நீங்கதானே?" என்றார் அந்த வக்கீல்.

"இல்ல."

"இந்தப் பழுப்புக் கோட்டு?"

"எல்லாக் கடையிலயும் விக்குது. பாதி ஊர் போட்டுக்கிட்டு அலையுது" என்றேன். என் குரல் எங்கோ மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. நீதிபதி மிட்டாயை மாற்றிக்கொண்டாள்.

அடுத்து அவரைக் கேட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, படத்தைக் கையில் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். வக்கீலம்மா பேனாவைத் திருகுவதை நிறுத்திவிட்டாள்.

"நான் இல்லீங்க" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "யாரோ குடுத்து வெச்ச ஆளு" என்றார்.

படத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. வக்கீல் அதன் மறுமுனையைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். நவ்ராட்டில் வீட்டாருக்கு மட்டும் எங்கள் முற்றத்தின் வழியே நடக்கும் உரிமை. நிறுவனம் அவருக்கு ஒரு சாவி தர வேண்டும். மற்ற எல்லோருக்கும் கதவு மூடியாயிற்று. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. வக்கீலம்மா எங்களை மறுபடியும் கூப்பிட்டு எச்சரித்தாள்: "அது முடியற வரைக்கும் அவங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்பாங்க. கதவுல கேமரா வெச்சிருக்காங்க. சார், நீங்க யாரையும் ஒண்ணும் கேக்கக் கூடாது, கேட்டா அது திரும்பச் சலுகை ஆயிடும். தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. சாவியப் போடுங்க, திறங்க, போய்க்கிட்டே இருங்க. அம்மா, நீங்க அவரப் பாத்துச் சிரிக்கக்கூட வேணாம்."

அவர் சொன்னபடி நடக்கிறவர். மே மாதத்திலிருந்து எட்டுப் பத்துக்குப் பின்தெருக் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்கும். தகரப் பெட்டியோடு, இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து முற்றத்தைக் கடப்பார். கேமராவின் சின்ன சிவப்பு விளக்கு அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் என் பக்கம் திரும்புவதில்லை. முதல் நாள் பழக்கதோஷத்தில் தொப்பிக்குப் போன கை பாதியில் இறங்கிவிட்டது. வழியைக் காப்பாற்றினோம், காலை வணக்கம் போயிற்று, சாயங்கால வணக்கமும் போயிற்று. முன்பெல்லாம் எனக்கு நாளைக்கு இரண்டு வார்த்தையும் வருஷத்துக்கு ஒரு மணி நேரமும் இருந்தன. நான் அதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கை மகளிடம் சொல்லி அந்தப் படத்தைத் தேடி எடுத்து என் கைப்பேசியில் போட்டுக்கொண்டேன். "யாரு பெரியம்மா இவங்க?" என்றாள். "தெரியாது, இடம் நல்லா இருக்கு" என்றேன். சாயங்காலங்களில் அதை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். ரொம்பப் பெரிதாக்கினால் அவர் தலை வெறும் கட்டம் கட்டமாகப் போய்விடும். கொஞ்சம் சின்னதாக்குவேன். எந்த அளவில் அது சாய்ந்திருப்பது நன்றாகத் தெரிகிறது என்று இப்போது என் விரலுக்கே தெரியும்.

இன்றைக்கு நவம்பர் மூன்று.

காலையில் எழுந்ததும் நோட்டைத் தேடினேன், அது நீதிமன்றத்தில் இருக்கிறது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. இனி இந்தத் தேதிக்கு அர்த்தமில்லை. கதவு தினமும் பூட்டியிருக்கிறது. அவரிடம் சாவி இருக்கிறது. யாரும் யாருக்கும் திறக்க வேண்டியதில்லை. எட்டுப் பத்துக்குச் சாவிச் சத்தம் கேட்கவில்லை. எட்டரைக்கும் கேட்கவில்லை. இடுப்பு மோசமாகிவிட்டதோ, விழுந்துவிட்டாரோ என்று மனசு தறிகெட்டு ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே தலையணை உறையை மூன்று தடவை மடித்தேன். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கடந்து போகிற அவரை இல்லை. நிற்கிற அவரை.

பதினொன்றரைக்கு ரைனர் புதிதாக வந்திறங்கிய எட்டு விருந்தாளிகளை முற்றத்தில் நிறுத்தி வைத்து வால்நட் மரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மரத்துக்கு முந்நூறு வயது என்றான். போன வாரம் இருநூற்றைம்பதாக இருந்தது. தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடித்து முடிந்தது.

பின்தெருக் கதவை யாரோ தட்டினார்கள்.

ரைனர் பேச்சை நிறுத்தினான். இந்தக் கதவை இப்போது யாரும் தட்டுவதில்லை. ஒன்று எண் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாவி இருக்க வேண்டும். "யாருன்னு பாருங்கம்மா. சும்மா முற்றத்தப் பாக்க வந்தவங்கன்னா திறக்காதீங்க" என்றான். நான் அதற்குள் வெளியே வந்துவிட்டிருந்தேன். கோட்டுக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சின்னக் கதவில் கண் உயரத்துக்கு ஒரு கம்பி வலை உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். நவ்ராட்டில் நின்றுகொண்டிருந்தார். தகரப் பெட்டி இல்லை. சவரம் செய்து, கழுத்தில் டை கட்டியிருந்தார். முடிச்சு கோணலாக இருந்தது. இடது கையில், நன்றாகத் தெரியும்படி, உயரத் தூக்கிப் பிடித்தபடி அந்தச் சாவி. வலது கையை மறுபடியும் ஓங்கி, கேமராவுக்கு நேர் கீழே, கதவைத் தட்டினார்.

"சார், என்ன பண்றீங்க?" என்றேன், உதடு அசையாமல். "அந்த விளக்கு எரியுது. சாவியப் போட்டுட்டு வாங்க. எல்லாம் போயிடும்."

அவர் காதில் அது விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். அவருடைய நெஞ்சு ஏறி இறங்கியது, பாரம் தூக்கப் போகிறவர் மாதிரி.

"ஹெர்மினெ" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் என் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. முற்றம் முழுக்கக் கேட்கும்படி, கேமராவுக்கும் ரைனருக்கும் மூன்றாம் மாடிக்கும் கேட்கும்படி, உடைந்த குரலில் அவர் கேட்டார்: "நான் உள்ள வரலாமா?"

வெள்ளை ஷூ இரண்டடி முன்னால் வந்து நின்றது. விருந்தாளிகளில் யாரோ ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்; இந்த முறை என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரவெல்லாம் பனியில் கிடந்த இரும்பு விரலோடு ஒட்டிக்கொண்டது, வலைக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு ஆவியாகி, கம்பிகளின் ஊடே உள்ளே வந்துகொண்டிருந்தது.